ஐந்தாம் வகுப்புக்காரி பள்ளிக் குழுவுக்கு நிற்கிறாள்

பெயின்டர்ஸ் ஃபோர்க், ஒஹாயோ
2023 செப்டம்பர் 5

ஆர்லீனுக்கு அக்கா ஓப்பல் எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதி. பேரன் ப்ரென்ட் லைன்மேன் பயிற்சியை முடித்துவிட்டான். போன மாதப் புயலில் நாலு ஊர் இருண்டு கிடந்தபோது பதினாறு மணி நேரம் கம்பத்தில் நின்று வெளிச்சம் கொண்டுவந்தான். பேத்தி கெய்லின் நர்ஸ் தேர்வில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். அவளோடு எழுதிய கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் தேறவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். சின்னப் பேத்தி டெஸ்ஸா பதினாறு வயதில் மாநில வெல்டிங் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். முதல் பரிசு வாங்கிய பையனுக்கு அவளைவிட இரண்டு வயது கூட. ப்ரென்டின் மகள் ரெம்மிக்கு நாலு வயசு, பேரை எழுதுகிறாள். இந்த வேகத்தில் போனால் என் படிப்பைச் சீக்கிரம் தாண்டிவிடுவாள்.

போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். ஈஸ்டர் அன்று போனைப் பட்டென்று நீ வைத்தாயா நான் வைத்தேனா தெரியவில்லை, அதிலிருந்து பேச்சில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வேறு யார் வாயாலாவது நீ கேட்கக் கூடாத சேதி ஒன்று இருக்கிறது. நான் பள்ளிக் குழுவுக்குத் தேர்தலில் நிற்கிறேன்.

சிரித்து முடித்த பிறகு மேலே படி.

டெஸ்ஸா பரிசு வாங்கிய அதே வசந்தத்தில் வெல்டிங் வகுப்பையும் மரவேலை வகுப்பையும் மூடிவிட்டார்கள். அந்தக் கொட்டகையில் இப்போது வட்டமாக நாற்காலி போட்டு 'எதிர்காலப் பாதை' என்று ஏதோ நடக்கிறது. வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. 'அன்புள்ள பங்கேற்பாளர்களுக்கு' என்று தொடக்கம். இரண்டு பக்கம். அப்பா, அம்மா என்ற சொல் எங்கேயும் இல்லை. கெய்லினை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன், அவளுக்கும் பிடிபடவில்லை.

மே மாதக் கூட்டத்துக்குப் போனேன். மைக்கில் ஆளுக்கு மூன்று நிமிடம். வகுப்பை ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. தலைவர் டாக்டர் ப்ரூயிட் மரியாதையாகத்தான் பேசினார். அதை மறைக்க மாட்டேன். ஆய்வு சொல்கிறது, ஆய்வு சொல்கிறது என்றார். அவர் பக்கத்தில் இருந்த அம்மாள்தான், "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டாள். ஐந்தாவது என்றேன். கேட்டவளே தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே.

மறுநாள் காலை என் வாசலில் ஏழு வண்டி. டயர் கடை ரஸ்டி ஹாட் ஏற்கெனவே குழுவில் இருக்கிறான், அவன் மைத்துனனும் இருக்கிறான். ஐந்தில் இரண்டு. "மூணாவது கை வேணும் அத்தை, நீங்க நில்லுங்க" என்றான். கையெழுத்து வாங்கி மனுவைக் கொடுத்தாயிற்று. ப்ரூயிட்டுக்கு எதிராக நான்.

இது இத்தோடு முடிந்தால் உனக்கு எழுத எனக்குக் கஷ்டமே இல்லை. அந்த ஆய்வை வரவழைத்தேன். கெய்லின் எனக்கு உரக்கப் படித்தாள். முப்பத்தொன்றாம் பக்கம்: 'இத்தகைய ஊர்களில் குடும்பங்களின் விருப்பத்தை நம்பிப் பாடத்திட்டம் வகுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.' அவள் நிறுத்திவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். எழுதியவர்கள் மூன்று பேர். இரண்டாவது பெயர் உன்னுடையது.

அந்தக் குடும்பம் நான்தான் ஆர்லீன்.

அக்கா
ஓப்பல்


பாஸ்டன்
2023 செப்டம்பர் 16

அன்புள்ள ஓப்பல் அக்காவுக்கு,

பிள்ளைகளைப் பற்றிப் படித்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். கெய்லினுக்குத் தனியாக ஒரு வாழ்த்து அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்துக்கு நாலு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

ஆமாம், அந்தப் பக்கத்தை எழுதியது நான்தான். மற்ற இருவர்மேல் போட்டுத் தப்பிக்க மாட்டேன். நம்மூர்ப் பள்ளியில் என்னோடு படித்தவர்களை நினைத்துத்தான் எழுதினேன். பதினாலு வயதில் 'நீ சுரங்கத்துக்கு, நீ மில்லுக்கு' என்று பிரித்தார்கள். யாரும் அவர்களிடம் வேறு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. மில் மூடியபோது கையில் இருந்த தொழிலும் போயிற்று. நான் தப்பித்தேன். அடுத்தவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும் என்று நாற்பது வருடம் வேலை பார்த்தேன். அதைக் கேலியாகப் பார்க்காதே.

நீ நிற்பதில் எனக்கு என்ன கவலை என்றும் சொல்லிவிடுகிறேன். உன் படிப்பு எனக்குக் கவலை இல்லை. உன் பின்னால் நிற்பவர்கள்தான் கவலை. போன வருடம் நூலகத்தில் இருந்த அந்தப் பெண், மிஸ் கோய், மளிகைக் கடையில் வரிசையில் நின்றபோது புத்தகங்களைச் சாக்காக வைத்து அவள் முகத்துக்கு நேரே கத்தியவர்கள் யார்? ரஸ்டியின் ஆட்கள்தானே? அவள் வேலையையும் ஊரையும் விட்டே போய்விட்டாள். படித்தவன் என்றாலே எதிரி என்று சொல்லிக் கூட்டம் சேர்ப்பவர்களுக்கு இன்று ஒரு முகம் தேவைப்படுகிறது. நல்ல முகம், ஊரே மதிக்கும் முகம், ஐந்தாம் வகுப்பு முகம். அக்கா, அவர்கள் உன்னைப் பொம்மையாக வைத்து ஆட்டுவிக்கிறார்கள்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

ஆர்லீன்


பெயின்டர்ஸ் ஃபோர்க்
2023 செப்டம்பர் 24

ஆர்லீனுக்கு,

பொம்மை என்று எழுதியிருந்தாய். கடிதத்தை ரொட்டிப் பெட்டிமேல் வைத்து மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ரொட்டி காய்ந்துவிட்டது.

மிஸ் கோய் விஷயத்தில் நீ சொல்வது சரி. அதில் எனக்கும் வெட்கம். அவள் ஊரை விட்டுப் போகவில்லை, வேலையைத்தான் விட்டாள். மறு ஞாயிறு தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். அதைத் தவிர என்ன செய்யலாம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

இனி பொம்மை ஆடிய கதையைக் கேள். பத்து நாளைக்கு முன்னால் கொலம்பஸிலிருந்து கோட்டுப் போட்ட ஒருத்தன் வந்தான். பளபளவென்று விளம்பர அட்டை அடித்துக்கொண்டு வந்திருந்தான், அதில் என் பேர் பெரிசாக. எங்கேயோ இருக்கிற சங்கம் அனுப்பிய ஆளாம். ஒரு பட்டியலை நீட்டி, மேடையில் இதை நான் வாசிக்க வேண்டும் என்றான். பதினெட்டுப் புத்தகங்கள், நூலகத்திலிருந்து எடுக்க வேண்டியவை. ரஸ்டி வாசல் தூணில் சாய்ந்து நின்றான்.

இதில் நீ எத்தனை படித்திருக்கிறாய் தம்பி என்று கேட்டேன். சுருக்கம் படித்தேன் என்றான். அதில் ஒன்றை எடுத்துவரச் சொல்லி ஒரு வாரம் கெய்லினைப் படிக்கவைத்தேன். குடிகார அப்பனுக்குப் பயந்து கோழிக்கூண்டில் தூங்குகிற பிள்ளையின் கதை. சில இடத்தில் வாய் கூசுகிற பேச்சு உண்டு. ஆனால் அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோட்டுக்காரன் திரும்பி வந்தபோது சொன்னேன்: "உன் அட்டைய நீயே எடுத்துட்டுப் போ. நான் வெல்டிங்குக்கு நிக்கிறேன். புத்தகத்த எரிக்க நிக்கல." அவன் ரஸ்டியைப் பார்த்தான். ரஸ்டி, "அத்தை அப்படித்தான்" என்று வண்டிச் சாவியைத் தேடினான்.

இப்போது என் பேர் ப்ளைவுட்டில் இருக்கிறது, டெஸ்ஸா பெயின்ட் அடித்தாள். கொஞ்சம் கோணல்.

நீ கதவு திறந்ததாக எழுதியிருந்தாய். நல்லதுதான். ஆனால் ஒரு கதவைத் திறக்க இன்னொரு கதவை ஏன் ஆணி அடித்து மூடுகிறீர்கள்? டெஸ்ஸாவிடம் வந்து உனக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டார்கள்? அன்றைக்கு உங்களைக் கேட்காதவன் மில்காரன். இன்றைக்கு இவளைக் கேட்காதவள் நீ.

அம்மா போனபோது உனக்கு ஏழு மாசம், எனக்குப் பதினொரு வயசு. நான் பள்ளியை விட்டு நின்றதை உன்மேல் சாத்தி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் சாத்தவில்லை. நீ படித்ததில் எனக்குள்ள பெருமை உன் பல்கலைக்கழகத்துக்குக்கூட இருக்காது. அந்தப் படிப்பு என் தலைக்கு மேலே நின்றுகொண்டு என்னைப் பார்த்து எழுதியதுதான் வலிக்கிறது.

ஓப்பல்


பாஸ்டன்
2023 அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

பொம்மை என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள். கோட்டுக்காரன் கதையை என் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் உன் ப்ளைவுட் பலகை ஒன்றைக் கேட்கிறாள், தோட்டத்தில் வைக்க. அவள் ரஸ்டியின் கட்சி இல்லை என்று நான் சொல்லத் தேவையில்லை.

மற்றபடி நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வகுப்பைத் திறந்தால் மறுபடியும் சில பிள்ளைகளை அதில் தள்ளிக் கதவைச் சாத்துவார்களோ என்ற பயம் எனக்குப் போகவில்லை. உனக்கு டெஸ்ஸா தெரிகிறாள். எனக்கு இன்னும் என்னோடு படித்தவர்கள் தெரிகிறார்கள். இரண்டு பேரும் ஒரே பள்ளியைப் பார்த்துத்தான் பேசுகிறோம்.

ஒன்றை உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. டாக்டர் ப்ரூயிட் போன் செய்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டுமாம், அவரை ஆதரித்து. இந்த ஊரில் பிறந்து படித்து உயர்ந்தவள் என்ற முறையில். உன் பெயரைச் சொல்லவே வேண்டாம், ஆய்வைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு அந்த ஆய்வின்மேல் உண்மையான நம்பிக்கை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆர்லீன்


பெயின்டர்ஸ் ஃபோர்க்
2023 நவம்பர் 10

ஆர்லீனுக்கு,

நான் ஜெயித்தேன். ஒன்பது ஓட்டு வித்தியாசம். இப்போது அதைப் பறிக்கப் பார்க்கிறார்கள், அதற்குக் காரணமும் நானேதான். வரிசையாகச் சொல்கிறேன்.

பத்திரிகையை வாரா வாரம் பார்த்தேன். உன் கடிதம் எதுவும் வரவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன், இல்லாவிட்டால் கண் கலங்கிவிடும்.

தேர்தல் நாளில் நம் தேவாலயத்தில் மேலே ஓட்டு, கீழே சாப்பாடு என்பது உனக்குத் தெரியும். கோழி நூடுல்ஸ், பீன்ஸ், சோள ரொட்டி. ஓட்டுப் போட்டவன் படியிறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். முப்பத்தொரு வருடமாக ஆப்பிள் கேக் என் பொறுப்பு. இந்தத் தடவையும் விடியற்காலையில் எழுந்து பதினொரு தட்டு சுட்டேன். வேட்பாளர் கேக் சுடக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பெண்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

வாக்குச்சாவடியிலிருந்து நூறடியில் நடுகிற கொடிக்கு உள்ளே விளம்பரம் கூடாது என்று தெரியும். சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கொடி பக்கத்திலேயே கழற்றி டெஸ்ஸாவிடம் கொடுத்தேன். ரஸ்டியின் வண்டிகளைச் சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தவைத்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, பதினொரு தகரத் தட்டையும் இரண்டிரண்டாக உள்ளே கொண்டுபோனேன். ஒவ்வொரு தட்டின் அடியிலும் வெள்ளை டேப், அதில் கறுப்பு மையில் 'ஓப்பல் எஸ்.'

தட்டு வீடு வந்து சேர வேண்டாமா? ஊரில் எந்தப் பொம்பளை பேர் ஒட்டாத தட்டை வெளியே அனுப்புவாள்?

சாயங்காலம் காலித் தட்டுகளைக் கழுவக் கவிழ்த்து அடுக்கியிருக்கிறார்கள். ப்ரூயிட்டுக்கு வேலை பார்க்க வந்த வெளியூர்ப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். வாக்குச்சாவடிக்குள்ளே வேட்பாளர் பேர், பதினொரு இடத்தில், அதுவும் இனிப்போடு. புகார் போய்விட்டது. 27ஆம் தேதி தேர்தல் அலுவலகத்தில் விசாரணை. ஒன்பது ஓட்டுத்தானே. பதினொரு கேக்கில் ஒன்பது ஓட்டு கரையாதா என்கிறார்கள்.

ரஸ்டிக்குத் திருவிழா மாதிரி. தேர்தலைத் திருடுகிறார்கள் என்று நாற்பது வண்டியோடு அலுவலகத்தைச் சுற்றப்போவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். "அவங்க நம்மள மனுஷனாவே மதிக்கல அத்தை, கேக்குல கூடக் குத்தம் கண்டுபிடிக்கறாங்க" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுதிய சட்டத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னேன், கெய்லின் படித்தாள். வேட்பாளர் பேர் உள்ளே இருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. என் பேர் உள்ளே இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன்.

உன்னிடம் எதுவும் கேட்டு எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

ஓப்பல்


பாஸ்டன்
2023 நவம்பர் 17

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்ததும் சமையலறைக்குப் போய்க் கீழ் அலமாரியைத் திறந்து முழங்காலிட்டுத் தேடினேன். கிடைத்தது.

அப்பா இறந்த வருடம், 2004, நான் திரும்பும்போது வழிக்கு என்று மீதி கேக்கைத் தட்டோடு கொடுத்தாயே, அந்தத் தட்டு. நான் திருப்பித் தரவே இல்லை. நீயும் கேட்கவில்லை, ஆனால் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு 'தட்டு பத்திரமா?' என்று எழுதியிருந்தாய். டேப் மஞ்சளாகிவிட்டது. எழுத்து அப்படியே இருக்கிறது. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய 'ஓப்பல் எஸ்.' அப்போது நீ எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை.

நேற்று நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டேன். எங்கள் ஊரில் சமைத்த பாத்திரம் வெளியே போனால் அடியில் பேர் போகும், அது பாத்திரத்துக்கான முகவரி, ஓட்டுக்கான அழைப்பு இல்லை என்று எழுதினேன். அதையும் தட்டையும் பெட்டியில் கட்டி உங்கள் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தபால் அலுவலகத்தில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். சாட்சி என்றேன்.

இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். அங்கே எனக்கு ஓட்டு இருந்தால் நான் ப்ரூயிட்டுக்குத்தான் போட்டிருப்பேன். இது உனக்குத் தெரிந்திருக்கட்டும். அதற்காக என் அக்காவின் தட்டை லஞ்சம் என்று ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

இரண்டாவது. முப்பத்தொன்றாம் பக்கத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். என்னோடு படித்தவர்களை நினைத்து எழுதியதாகச் சொன்னேன் அல்லவா? அது உண்மை. ஆனால் 'குடும்பங்கள்' என்று எழுதியபோது என் மனதில் எந்த முகமும் இல்லை. உன் முகம் வந்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டேன். என் கவலையை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த வாக்கியத்தை மாற்றிக்கொள்கிறேன்.

உன் தங்கை
ஆர்லீன்


பெயின்டர்ஸ் ஃபோர்க்
2024 ஜனவரி 19

என் தங்கச்சிக்கு,

போனில் சுருக்கமாகச் சொன்னேன். முழுசாக எழுதுகிறேன் என்று சொன்னதால் இதோ. இத்தனை நாள் எழுத விடாத கைவலி கொஞ்சம் தேவலை.

விசாரணை மேசையில் நாலு பேர், கட்சிக்கு இரண்டாக. நடுவில் உன் பெட்டி. என் புதுத் தட்டுகளில் இரண்டும் உன் பழைய தட்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒருவர் உன் உறுதிமொழியை வாசித்தார். ப்ரூயிட்டுக்கு ஓட்டுப் போட்டிருப்பேன் என்று அதிலும் எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் ப்ரூயிட் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ப்ரூயிட்டை எழுப்பி, நீங்கள் அன்று சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். சாப்பிட்டேன், இரண்டு துண்டு என்றார். யாருடைய கேக் என்று தெரிந்ததா? அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "தட்டத் தலைகீழாத் தூக்கிப் பாத்தாத்தானே தெரியும்? அதுக்கு முழுக் கேக்கையும் நான் ஒருத்தனே தின்னிருக்கணும்" என்றார். அந்த மனிதருக்கு இந்த நகைச்சுவை இருந்தது என்று முன்பே தெரிந்திருந்தால் இந்த ஆறு மாதமும் நாங்கள் கொஞ்சம் சந்தோஷமாகச் சண்டை போட்டிருப்போம். புகாரை நாலு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். இனி வேட்பாளர் கேக் சுட்டால் தட்டை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று எழுத்தில் ஒரு எச்சரிக்கை. அதுவும் நியாயம்தான். உன் பழைய தட்டைத் திருப்பிக் கேட்டேன், கோப்பில் போய்விட்டது என்றார்கள்.

போன செவ்வாய் முதல் கூட்டம். வெல்டிங் வகுப்பை முதலில் எடுத்தார்கள். உன் பயத்தை நான் மறக்கவில்லை. யாரையும் அதில் தள்ளக் கூடாது, கேட்டு வருகிற பிள்ளைக்குத்தான் இடம், மற்ற பாடத்தில் ஒன்றும் குறையக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ரஸ்டி முகம் சுளித்தான், ஆனால் கை தூக்கினான். மூன்றுக்கு இரண்டு. டெஸ்ஸா கடைசி வரிசையில் எழுந்து நின்றுவிட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் ரஸ்டி இன்னொரு காகிதத்தை எடுத்தான். எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பள்ளி நடைச் சுவரில் பெருமைக்குரிய பழைய மாணவர் என்று படங்கள் மாட்டியிருக்கிறார்களே, அதிலிருந்து உன் படத்தைக் கழற்ற வேண்டுமாம். ஊரைத் தாழ்த்தி எழுதியவள் ஊர்ச் சுவரில் தொங்கக் கூடாதாம். கூடத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். கைதட்டியவர்கள் எல்லாம் எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆர்லீன். அவர்கள் பிள்ளைகளுக்கு நான் பால் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கோபம் பொய்க் கோபம் இல்லை, அதே கோபத்தில்தான் நானும் அந்த நாற்காலிக்கு வந்தேன்.

ஆதரித்து இரண்டு கை. எதிர்த்து இரண்டு கை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மைக்கை எப்படி இழுப்பது என்று இன்னும் பழகவில்லை, உரக்கவே பேசினேன். "அந்தப் பக்கத்த எழுதினது அவ. அதப் படிச்சு கோவம் வந்து இங்க உக்காந்திருக்கறது நான். நம்மள மதிக்கலன்னுதானே இவ்வளவு நாள் கத்துனோம்? இப்ப நம்ம கை மேல இருக்கு. முதல் வேலையா ஒருத்தியச் சுவத்துலேருந்து கழட்டினா, அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? படம் இருக்கட்டும். யாருக்கு அவமேல சண்டையோ, அந்த நடையில நின்னு சண்டை போடட்டும். நானும் போடுவேன்."

எதிர்த்துக் கை தூக்கினேன்.

ரஸ்டி குனிந்து மெல்லச் சொன்னான், "உங்கள நாங்கதான் உக்கார வெச்சோம் அத்தை." தெரியும்டா, அதனால்தான் உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன் என்றேன். மறுநாள் என் வண்டிக்குக் குளிர்கால டயர் மாற்ற நாள் குறித்திருந்தது. போனேன். ரஸ்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்து, கண்ணாடியையும் துடைத்துவிட்டான். வசந்தத்துக்குள் பேசிவிடுவான்.

கூட்டம் முடிந்து அந்த நடைக்குப் போய் உன்னை நின்று பார்த்தேன். படத்தில் உனக்குப் பதினெட்டு வயசு. காதுக்கு மேலே முடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறாய், கழுத்தில் என் மணிமாலை. இந்தப் பிள்ளையோடு யாரும் சண்டை போட முடியாது. இவள் ஒன்றும் எழுதவில்லை, எங்கேயும் போகவில்லை. இந்த ஊரில் உன்னோடு சண்டை போட வேண்டுமென்றாலும் உன்மேல் பெருமைப்பட வேண்டுமென்றாலும் இப்போதுள்ள உன் முகம்தான் வேண்டும்.

அதனால் ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பு. நரைமுடியோடு, மூக்குக் கண்ணாடியோடு. சிரிக்கத் தோன்றாவிட்டால் சிரிக்க வேண்டாம். போனில் அனுப்பாதே, கெய்லின் எடுத்துக் காட்டினால் சின்னதாக வந்து உடனே மறைந்துவிடுகிறது. காகிதத்தில், பெரிய அளவில், மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு. இரண்டு பிரதி போடு. ஒன்று பள்ளிச் சுவருக்கு, ஒன்று எனக்கு.

உன் அக்கா
ஓப்பல்